காற்றில்லாத டயரும் துளசியின் ராசியும்

தம்பி,

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாய். போன் எடுத்தால் அப்பாவோடு கதைத்துவிட்டு வைத்துவிடுகிறாய். உங்கள் இரண்டு பேரின் கலியாணத்தைத் தள்ளி வைப்போம் என்று துளசி சொல்கிறாள் என்ற செய்தியும் அப்பா மூலம்தான் எனக்கு வந்தது. அதைச் சொல்லும்போது மனுசன் என் முகத்தைப் பார்க்கவில்லை, தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துச் சொன்னார். சனத்தைச் சிரிக்க வைக்க நான் விட்ட ஒரு பகிடியால் ஒரு பிள்ளையின் கலியாணம் நின்றுபோய்க் கிடக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான், கடைச் சாமான் எழுதுவதைத் தவிர வேறொன்றும் எழுதிப் பழக்கமில்லை. அதனால் முன்னது பின்னது மாறி வந்தால் பொறுத்துக்கொள். இதை உனக்குத் தனியாக அனுப்பப் போவதில்லை. நம் ஆட்கள் எல்லாரும் வாசிக்கிற சங்க மலரில் போடக் கொடுக்கப் போகிறேன். அம்மாவுக்குத் தலையில் ஏதும் பிழையோ என்று நீ யோசிப்பாய். மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் விட்ட பகிடியை உன் காதுக்குள் மட்டும் சொல்லித் திருப்பி எடுக்க முடியாது.

நீயும் துளசியும் புதுக் கார் எடுக்கப் போகிறீர்கள் என்று அப்பா சொன்னார். நல்லது. ஆகவே இந்தக் கடிதத்தில் டயருக்கு எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்பதும் வரும். சிரிக்காதே. நான் சொல்ல வேண்டிய விசயத்தை அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

நான் லைசென்ஸ் எடுத்த காலம் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பத்து வயது. அப்பாவுக்குக் காரில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், ஓட்டுவதைப் பற்றி அவரிடம் கதைக்கவே முடியாது. சுவிசில் நாங்கள் இருக்கும் இந்த எம்மன்புரூக்கேயில் அப்போது கார் ஓட்டுகிற நம் பெண்கள் குறைவு. ஒருத்தி ஓட்டினால் மற்ற எல்லாருக்கும் கால் முளைத்த மாதிரி. அதனால் துணிந்து இறங்கினேன். எழுத்துப் பரீட்சைக்கு நீதான் குசினி மேசையில் இருந்து ஜேர்மன் கேள்விகளை வாசித்துத் தமிழில் சொல்வாய். டயரில் காற்றை எப்போது பார்க்க வேண்டும் என்று ஒரு கேள்வி இருந்தது. கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது என்பது விடை. நான் ஏன் என்று கேட்டேன். நீ கையை ஆட்டி ஆட்டி விளங்கப்படுத்தத் தொடங்கினாய், ஓடினால் டயர் சூடாகும், உள்ளே காற்று விரியும், இல்லாத காற்றை இருப்பதாகக் காட்டும் என்று. அந்த நேரம் என் சிநேகிதி பவளமக்கா வந்திருந்தா. நான் கதிரையை விட்டு எழும்பி, "வாத்தியார் வந்திட்டார், எல்லாரும் எழும்பி வணக்கம் சொல்லுங்கோ" என்றேன். பவளமக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. நீ முகம் சிவந்து குனிந்துகொண்டாய். அதற்குப் பிறகு நீ எனக்கு எதையும் விளங்கப்படுத்தவில்லை. "மூண்டாவது பெட்டியில புள்ளடி போடுங்கோ அம்மா" என்பதோடு சரி. நான் பெட்டிகளைப் பாடமாக்கிக்கொண்டு பாஸ் பண்ணினேன். ஒரு பிள்ளையின் வாயை மூடிவிட்டு அதைக் கொண்டாடியிருக்கிறேன் என்று இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது.

காற்றைப் பற்றி எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். காலால் ஒரு உதை உதைத்துப் பார்ப்பேன். கல்லுப் போல இருந்தால் போதும். ஒருமுறை பெற்றோல் நிலையத்தில் யாரோ ஒரு அண்ணை, "டயரிலேயே எழுதியிருக்குத் தங்கச்சி, அதைப் பாத்து அடியுங்கோ" என்றார். பார்த்தால் உண்மைதான், டயரின் பக்கத்தில் பொறித்துக் கிடந்தது. அதையே அடித்துவிட்டேன். அன்று கோயிலுக்குப் போகும் வழி முழுதும் கார் பந்து போலத் துள்ளியது. அப்பாவின் தலை இரண்டு தரம் கூரையில் முட்டியது. நீ பின்னால் இருந்து சிரித்தாய். மழையில் சந்தியில் பிரேக் பிடித்தபோது கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போய் நடைபாதைக் கல்லில் இடித்து நின்றது. டயரில் பொறித்திருக்கும் எண் அந்த டயர் தாங்கக்கூடிய எல்லை, அதற்கு மேல் போனால் ஆபத்து என்பதற்காகப் போட்டது. உன் காருக்கு எவ்வளவு வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருசம் பிடித்தது. காற்றுக் குறைவது மட்டும் பிழையில்லை, மெத்தக் கூடினாலும் டயர் நிலத்தைப் பிடிக்காது.

உன் காருக்கு எவ்வளவு என்பது காரிலேயே எழுதியிருக்கும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவு வந்து மூடுகிற தூணில், இல்லாவிட்டால் பெற்றோல் மூடிக்கு உட்பக்கத்தில், ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கும். எங்கள் காரிலும் இருந்தது. இப்போது இருக்கும் ஏழு பேர் போகிற காரை வாங்கிய கிழமை கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்தோமே, ஐயர் நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து முன்னுக்கு எடுக்கச் சொன்னாரே, அன்றைக்குக் கோயில் வாசலில் ஒட்டுகிற பிள்ளையார் படம் ஒன்று வாங்கினேன். எங்கே ஒட்டலாம் என்று பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டினால் பொலிஸ் பிடிக்கும். கதவைத் திறக்கும்போது முதலில் பிள்ளையார் முகத்தில் விழிக்க வேண்டும் என்று நினைத்து, அந்தத் தூணில், சரியாக அந்தத் தாளுக்கு மேல் ஒட்டினேன். தொழிற்சாலைக்காரர் ஒட்டிய ஏதோ விலைத்தாள் என்று எண்ணினேன். அளவும் அச்சாகப் பொருந்தியது, ஒரு ஓரம்கூட வெளியே தெரியவில்லை. அன்றிலிருந்து என் காருக்கு எவ்வளவு காற்று என்பது பிள்ளையாருக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு அந்தச் செம்மஞ்சள் விளக்கு. குளிர்காலம் தொடங்கினால் காலையில் கார் எடுக்கும்போது எரியும், குதிரை லாடத்துக்குள் ஆச்சரியக் குறி போட்ட மாதிரி ஒரு படம். வெளியே குளிர்ந்தால் டயருக்குள் காற்றும் சுருங்கும், அதைத்தான் அது சொல்கிறது. எனக்கு அது தெரியாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு பொத்தான் இருப்பதையும், அதைச் சத்தம் கேட்கும் வரை அமத்திப் பிடித்தால் விளக்கு நூர்ந்துவிடும் என்பதையும் நானே கண்டுபிடித்தேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைத்து, கார் வைத்திருக்கும் மற்றப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பொத்தான் காற்று அடித்து முடித்த பிறகு, இதுதான் சரியான அளவு, நினைவில் வைத்துக்கொள் என்று காருக்குச் சொல்லுவதற்கு. நான் காற்றே இல்லாத டயரைக் காட்டி இதுதான் சரி, இதுதான் சரி என்று ஒவ்வொரு முறையும் அதற்குப் படிப்பித்திருக்கிறேன். நான் சொல்லிக் கொடுத்தவர்கள் இதை வாசித்தால், நாளைக்கே காலையில் போய்க் காற்றைப் பாருங்கள். என்னைத் திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கூறைச்சேலை எடுக்கப் போன நாளைச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதை வேறு. நாங்கள் இங்கிருந்து ஆறு பெண்கள் சூரிச்சுக்குப் போனோம். துளசி தன் வீடு இருக்கும் ஆராவில் இருந்து ரயிலில் வந்து கடையில் சேர்ந்துகொண்டாள். சேலை எடுத்து முடிந்ததும் எல்லாரும் தமிழ்க் கடைக்குள் புகுந்துவிட்டார்கள். அங்கே அரிசி மலிவு. ஆளுக்கு ஒரு மூடை, அதற்கு மேல் தேங்காய், மரவள்ளி, மீன் பெட்டி. எல்லாவற்றையும் பின்னால் அடைத்தேன். துளசி அன்று இரவுச் சாப்பாட்டுக்கு நம் வீட்டுக்கு வருவதாக இருந்ததால் அவளும் எங்களோடு ஏறினாள். மற்றவர்கள் வயது போனவர்கள் என்று பிள்ளை கடைசி வரிசையில், முழங்கால் நாடியில் முட்ட இருந்தாள். ஏறுவதற்கு முன் அவள் காருக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தாள்.

"மாமி, பின் சில்லு பதிஞ்சு கிடக்கு. போற வழியில காத்துப் பாத்திட்டுப் போவமோ?"

"அது சில்லின்ர பிழையில்லைப் பிள்ளை. பவளமக்கா ஏறிட்டா. அவவை இறக்கிவிட்டா தானா எழும்பும்."

"அடியேய், என்ர நிறையைப் பாக்கிறதுக்கோ என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனி?" என்று பவளமக்கா உள்ளே இருந்து கத்தினா. எல்லாரும் சிரித்தார்கள். துளசியும் சிரித்தாள், நாகரிகத்துக்கு.

ஓட்டோபான் பெருந்தெருவில் ஏறினதும் விளக்கு எரிந்தது. நான் பொத்தானை அமத்தினேன். கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் இருந்து துளசியின் குரல் வந்தது.

"மாமி, பின்னுக்கு ஒரு மாதிரி ஆட்டம் ஆடுது. முன்னுக்கு லைட் ஏதும் பத்தேல்லையோ?"

"பத்தினது. நூத்திட்டன்."

"நூத்தக் கூடாது மாமி. அது காத்துக் குறைஞ்சாத்தான்..."

"கேட்டியளோ எல்லாரும்? கலியாணத்துக்கு முதலே மாமிக்குக் கார் ஓடப் பழக்கிறா. தாலி ஏறினாப் பிறகு எனக்குச் சோறு தின்னவும் பழக்குவா போல கிடக்கு."

கார் முழுக்கச் சிரிப்பு. பிறகு அவள் ஒன்றும் கதைக்கவில்லை. ரப்பர் எரிகிற மணம் அவளுக்கு வந்ததாம், பின் சில்லுக்கு மேல்தானே இருந்தாள். அன்று இரவு நான் கேட்டபோது சொன்னாள். அப்போது சொல்லவில்லை. சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும், மீன் பெட்டியை வைத்து ஒரு பகிடி விட்டிருப்பேன்.

நல்லகாலம், பின் டயர் வெடித்தபோது சுரங்கப்பாதை முடிந்து வெளிச்சத்துக்கு வந்திருந்தோம். வெடித்த சத்தத்துக்குப் பிறகு கார் பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு பக்கத்துப் பாதைக்குப் போகப் பார்த்தது. பெரிய லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததும், கரையில் கொண்டுவந்து நிறுத்தியதும் எனக்கு நினைவில்லை. நிறுத்திய பிறகும் கையை எடுக்க முடியவில்லை. துளசிதான் பின்னால் இருந்து மூடைகளுக்கு மேலால் ஏறி வந்து, ஒவ்வொருவரையும் வலப்பக்கக் கதவால் இறக்கி, இரும்பு வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினாள். எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துப் போய்த் தூர வைத்தாள். போன் பண்ணினாள். கடைசியாக வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, "இறங்குங்கோ மாமி" என்றாள்.

உதவிக்கு வந்த சுவிஸ்காரன் மற்ற டயர்களில் காற்று அளந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். இருக்க வேண்டியதில் அரைவாசிதான் இருந்ததாம். பிறகு துளசியிடம் ஒரு கேள்வி கேட்டான், விளக்கு எரியவில்லையா என்று. எனக்கு ஜேர்மன் கொஞ்சம்தான். ஆனால் அந்தச் சொல் தெரியும். ஹோட்டலில் நான் துணி தோய்க்கிற இடத்தில் மெசினில் சிவப்பு விளக்கு எரிந்தால் மேலாளர் அதே சொல்லைத்தான் சொல்லுவார், நானும் அந்த நிமிசமே மெசினை நிறுத்துவேன். துளசி என்னைப் பார்த்தாள். பிறகு அவனிடம், தான் பின்னால் இருந்ததால் காணவில்லை என்றாள். அவன் என்னைப் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன்.

"என்னவாம் பிள்ளை?" என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பவளமக்கா கேட்டா.

"ஆணி ஏறியிருக்காம், ஆன்ரி" என்றாள் துளசி.

ஆணி இல்லை, தம்பி. உனக்கும் ஆணி என்றுதான் அவள் சொல்லியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். அவன் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனான். பவளமக்காவின் மகன் வேன் கொண்டுவந்து எங்களை ஏற்றினான். துளசி நம் வீட்டில் புட்டுச் சாப்பிட்டு, கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு ரயில் ஏறிப் போனாள். ஒரு வார்த்தை, நான் அப்பவே சொன்னேனே என்ற ஒரு வார்த்தை, அவளிடமிருந்து வரவில்லை.

இனிச் சொல்லப்போவதுதான் எழுதக் கை கூசுகிற இடம். வெள்ளிக்கிழமை கராஜுக்குக் கார் எடுக்கப் போனேன். அங்கே இருந்த பொடியன் கதவைத் திறந்து, குனிந்து தூணைப் பார்த்தான். பிறகு மிகவும் மரியாதையாக, இந்த யானையை எடுக்கலாமோ என்று கேட்டான். நானே நகத்தால் சுரண்டி எடுத்தேன். கீழே அந்தத் தாள் புதுசு போல இருந்தது. நான் இதுநாள் வரை எதற்கும் ஒரு சாட்டு வைத்திருந்தேன்: எனக்குப் படிப்பில்லை, எனக்கு ஜேர்மன் தெரியாது. அந்தத் தாளில் படிக்க ஒன்றுமே இல்லை, தம்பி. படம்தான். ஒரு பக்கத்தில் இரண்டு மூன்று ஆள், சின்னப் பெட்டி ஒன்று, அதற்கு நேரே முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு தசம் மூன்று. மற்றப் பக்கத்தில் கார் நிறைய ஆள், பெரிய பெட்டிகள், அதற்கு நேரே முன்னுக்கு இரண்டு தசம் ஐந்து, பின்னுக்கு மூன்று. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஆள் கூடினால், அரிசி கூடினால், பின் சில்லுக்குக் காற்றுக் கூட வேண்டும். நம்மைப் போல ஒரு காருக்குள் ஒரு ஊரையே ஏற்றுகிற ஆட்களுக்காகத்தான் அந்த இரண்டாவது பக்கத்தைக் கீறி வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல்தான் நான் பிள்ளையாரை ஒட்டியிருந்தேன். பொத்தான் எதற்கு என்பதையும் அந்தப் பொடியன் அன்றைக்குத்தான் சொன்னான்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பிறந்தநாள் விழா. நீயும் வந்திருந்தாய். துளசி வரவில்லை. நான் போய் இருந்ததும் பெண்கள் சுற்றி வந்துவிட்டார்கள், டயர் வெடித்த கதையைச் சொல்லு, சொல்லு என்று. நான் எழும்பி நின்று நடித்துக் காட்டினேன். பவளமக்கா பிள்ளையாரைக் கூப்பிட்டது, அரிசி மூடை மடியில் வந்து விழுந்தது, எல்லாம் ஆடிக் காட்டினேன். சனம் கண்ணீர் வரச் சிரித்தது. அப்போது யாரோ கேட்டார்கள், "எப்பிடி வெடிச்சது?" என்று. என் நாக்கில் உண்மை இருந்தது. நான் காற்றுப் பார்க்கவில்லை, விளக்கை நூத்தினேன், பிள்ளை சொன்னதைக் கேட்கவில்லை. இவ்வளவுதான், மூன்று வசனம். அதைச் சொன்னால் அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன். வாழ்க்கை முழுதும் மற்றவர்களை வைத்துச் சிரிப்பித்தவளுக்கு அது பெரிய பயம்.

"போகேக்க ஒரு கரைச்சலும் இல்லை" என்றேன். "வரேக்க மருமகள் வலது காலை எடுத்து வச்சா. டயர் உயிரை விட்டிட்டுது."

மண்டபம் அதிர்ந்தது. நீ கையில் இருந்த கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனாய். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், கேட்டவர்களுக்காக இன்னொரு தரம் சொன்னேன்.

பகிடி ஆராவுக்குப் போகும் வழியில் சிரிப்பு எங்கேயோ இறங்கிவிட்டது. ராசி மட்டும் போய்ச் சேர்ந்தது. துளசியின் அம்மா கடையில் நிற்கும்போது ஒருத்தி கேட்டாளாம், உங்கட மகள் கால் வச்ச உடனே டயர் வெடிச்சதாமே, தாலி கட்ட முதல் ஏதும் சாந்தி செய்விக்கேல்லையோ என்று. இன்னொருத்தி சாதகத்தைத் திரும்பப் பார்க்கச் சொன்னாளாம். உயிரோடு ஆறு பேரைக் காரால் இறக்கிய பிள்ளைக்கு ராசியில்லாதவள் என்று பெயர் வந்துவிட்டது. வைத்தது நான்.

கேள்விப்பட்டதும் முதலில் பவளமக்கா வீட்டுக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன், பொத்தானில் இருந்து பிள்ளையார் வரைக்கும். அவ பிள்ளையார் கதையில் சிரிக்கத் தொடங்கினவ, நிறுத்தவில்லை. "உனக்குப் பகிடிக்குக் குறைவில்லையடி. மருமகளைக் காப்பாத்தப் புதுக்கதை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்" என்றா. நான் அழுதேன். அதையும் நடிப்பென்றுதான் நினைத்தா. அவவைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருசமாக என் வாயில் இருந்து வந்த எதையும் யாரும் நம்பத் தேவையிருக்கவில்லை.

பிறகு ஆராவுக்கு ரயிலில் போனேன். நீ வேலையில் இருந்தாய், உனக்குத் தெரியாது. துளசியின் அம்மா கதவைத் திறந்து, இருக்கச் சொல்லி, தேத்தண்ணி தந்தா. எனக்கு வாய் சும்மா இருக்குமோ, மன்னிப்புக் கேட்கத் தொடங்கும்போதே, "என்ர வாயில அலாரம் ஒண்டு பூட்டோணும் சம்பந்தி" என்று சிரித்துவிட்டேன். அவ சிரிக்கவில்லை.

"நீங்கள் சிரிச்சுச் சொன்னதைச் சிரிச்சுக்கொண்டு திருப்பி எடுக்கேலாது" என்றா. "எங்க சொன்னியளோ அங்க சொல்லுங்கோ. என்ர வீட்டுக் குசினிக்குள்ள சொல்லி என்ன பலன்? நானோ என்ர பிள்ளையை ராசியில்லாதவள் எண்டு சொன்னனான்?"

அதனால்தான் இது. இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். டயர் வெடித்தது காற்றில்லாததால். காற்றில்லாதது நான் பார்க்காததால். ஒரு பிள்ளை கண்டு இரண்டு தரம் சொன்னாள், இரண்டு தரமும் நான் அவளைப் பகிடி பண்ணி வாயை அடைத்தேன். அவள் காலுக்கும் டயருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இதற்குப் பிறகும் யாருக்காவது அந்த ராசிக் கதையைக் கதைக்க வேண்டும் போல இருந்தால் அவள் அம்மாவைக் கடையில் மறிக்க வேண்டாம். எம்மன்புரூக்கேயில் என் வீடு எல்லாருக்கும் தெரியும்.

தம்பி, உனக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மாதத்தில் ஒரு நாள், காலையில், கார் ஓட முதல் காற்றைப் பார். பெற்றோல் நிலையம் தூரம் என்றால் பக்கத்தில் உள்ளதற்கு மெதுவாகப் போ, சூடாக விடாதே. தூரப் பயணத்துக்கு ஆட்களை ஏற்றுவதாக இருந்தால் இரண்டாவது பக்கத்துப் படத்தைப் பார்த்து அடி, அவர்கள் இறங்கின பிறகு பழைய அளவுக்குக் குறை. குளிர் தொடங்கும்போது கட்டாயம் பார். இங்கே காற்றுக்குக் காசில்லை, நேரம்தான் செலவு. காற்று அடித்த பிறகுதான் பொத்தான். காருக்குள் யாராவது, எந்த வரிசையில் இருந்தாலும், ஏதோ சரியில்லை என்றால் முதலில் நிறுத்து. பிறகு வேண்டுமானால் சிரிக்கலாம். நான் உன்னை அந்தக் குசினி மேசையில் வாத்தியார் என்றதற்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். அது கெட்டித்தனமான பிள்ளை ஒன்றின் விளக்கம். எனக்கு அதைக் கேட்கும் புத்தி இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிராது.

இதில் துளசியின் பெயர் வருவதால், மலருக்குக் கொடுக்க முதல் அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. நேற்றுப் பின்னேரம் அவளுக்குப் போன் எடுத்தேன். எடுப்பாள் என்று நினைக்கவில்லை, எடுத்தாள். மேலே எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். அப்போது ஓரிடத்தில், துளசி என்னைக் காட்டிக்கொடுக்காமல் ஆணி என்று சொன்னது அவளுடைய பெரிய மனம் என்று எழுதியிருந்தேன். வாசித்து முடித்ததும் அவள் அந்த இடத்தைத்தான் பிடித்தாள்.

"மாமி, அந்தப் பெரிய மனம் எண்டதை எடுத்துவிடுங்கோ" என்றாள். "நான் உங்களைக் காப்பாத்தச் சொல்லேல்லை. பயத்தில சொன்னனான். உண்மையைச் சொன்னா அதுக்கும் என்னை வச்சு ஒரு பகிடி விடுவியள் எண்டு பயம். உங்கட வீட்டுக்கு வந்தா ஒவ்வொரு நாளும் இப்பிடிப் பயந்துகொண்டோ இருக்கப் போறன் எண்டுதான் அண்டைக்கு ரயிலில யோசிச்சுக்கொண்டு போனனான். ஊர் கதைக்கிற ராசிக்காகக் கலியாணத்தைத் தள்ளச் சொல்லேல்லை."

பெரிய மனம் என்ற வரியை எடுத்துவிட்டேன், தம்பி. நீ இதை வாசிக்கும்போது அது இருக்காது. எனக்கு அந்த நேரம் வாயில் ஒரு பகிடி வந்தது, பழக்கதோசம். விழுங்கினேன். "ஓம் பிள்ளை" என்றேன். அவள் போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் வைக்கவில்லை.

"இன்னொண்டு" என்றாள். "அண்டைக்கு அந்த ஆள் முதலில ஸ்பெயார் சில்லைத்தான் கழட்டினவன். அதிலயும் காத்தில்லை. அதாலதான் காரை லொறியில ஏத்தினவன். அதை நீங்கள் எழுதேல்லை மாமி."

எழுதவில்லைத்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன் என்று எழுதிக்கொண்டு அதை மட்டும் மறைத்திருந்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள். கண்டதை என்னிடம் சொல்லியும் விட்டாள்.

"எழுதிறன் பிள்ளை" என்றேன்.

ஸ்பெயார் சில்லிலும் காற்று இருக்கவில்லை. அதையும் பார்த்துக்கொள்.

அம்மா